குளம் உள்ள வீட்டை வாங்குமுன், விற்குமுன்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிப்பது எப்படி

சிட்னியில் நீச்சல் குளத்தோடு வீடு பார்க்கிற நம்மாட்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "சர்டிஃபிகேட் இருக்கு, அப்ப குளம் ஓகேதானே?"

ஓகே என்று சொல்லிவிட முடியாது. நியூ சவுத் வேல்ஸில் விற்பனை ஒப்பந்தத்தோடு வருகிற அந்தச் சான்றிதழ் வேலி, கேட், முதலுதவிப் பலகை ஆகியவற்றைப் பற்றித்தான் பேசும். தண்ணீர் ஒழுகுகிறதா, பம்ப் கடைசி மூச்சில் இருக்கிறதா, சுவர் வெடித்திருக்கிறதா என்பதைப் பற்றி அதில் ஒரு வரி கூட இருக்காது. சரி, கட்டடத்தையும் கரையான் போன்ற பூச்சியையும் பார்க்கிற பில்டிங் அண்ட் பெஸ்ட் ரிப்போர்ட் எடுக்கிறோமே, அதில் வந்துவிடாதா என்றால், அந்த அறிக்கையின் பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள், குளமும் அதன் கருவிகளும் பரிசோதனையில் சேராது என்று பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். ஆக, வேலிக்கு ஒருவர் பொறுப்பு, வீட்டுக்கு ஒருவர் பொறுப்பு, நடுவில் ஐம்பதாயிரம் லிட்டர் தண்ணீருக்கு யாருமே பொறுப்பில்லை. அதை நீங்களே பார்க்க வேண்டும், அல்லது காசு கொடுத்துக் குளம் தெரிந்த ஒருவரைத் தனியாகக் கூட்டிப்போக வேண்டும்.

கீழே இருப்பவை வீடு பார்க்கப் போகும்போது கண்ணில் படக்கூடிய அறிகுறிகள். வாங்குபவரை நினைத்து எழுதியிருக்கிறேன், விற்பவர் தன் வீட்டில் இதையே முன்கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

ஒப்பந்தத்தில் குளத்துக்கான காகிதமே இல்லை, அல்லது "இணங்கவில்லை" என்று எழுதியிருக்கிறது

2016 ஏப்ரல் 29 முதல் இங்கே குளம் உள்ள வீட்டை விற்க வேண்டுமானால் ஒப்பந்தத்தோடு மூன்றில் ஒன்று இருக்க வேண்டும். விதிக்கு இணங்குகிறது என்ற சான்றிதழ், அல்லது இணங்கவில்லை என்ற சான்றிதழ், அல்லது புதுக் குளமாக இருந்தால் மூன்று வருஷத்துக்குள் வாங்கிய ஆக்குபேஷன் சர்டிஃபிகேட்டும் (கட்டியதைப் பயன்படுத்தலாம் என்ற அனுமதி) குளத்தைப் பதிவு செய்ததற்கான சான்றும். இணங்கும் சான்றிதழ் 3 வருஷம் செல்லும். மூன்றில் எதுவுமே இல்லையென்றால், கையெழுத்திட்ட ஒப்பந்தங்களை இரு தரப்பும் மாற்றிக்கொண்ட 14 நாளுக்குள், செட்டில்மென்ட் (பணம் கட்டி முடித்து வீடு கைமாறுவது) ஆகாத பட்சத்தில், வாங்குபவர் ஒப்பந்தத்தையே ரத்து செய்ய வழி இருக்கிறது. உங்கள் வழக்கறிஞரோ, வீட்டுப் பத்திர வேலை பார்க்கும் கன்வேயன்ஸரோ இதைக் கவனிப்பார், ஆனாலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இணங்கவில்லை என்ற சான்றிதழோடு விற்பது சட்ட விரோதம் என்று பலர் நினைக்கிறார்கள். சட்டப்படி தாராளமாக விற்கலாம். ஆனால் அப்படி வாங்கினால் சரிசெய்யும் வேலை உங்கள் தலையில் வரும், செட்டில்மென்ட் நாளிலிருந்து 90 நாள் அவகாசம். அதனால் அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் பயந்து ஓட வேண்டியதில்லை, கூட இருக்கும் காரணப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். "கேட் தானாக மூடவில்லை, பலகை இல்லை" என்று மட்டும் இருந்தால் ஒரு சனிக்கிழமை வேலை. "எல்லை வேலி முழுக்க உயரம் போதவில்லை" என்றால் பக்கத்து வீட்டுக்காரரோடு பேச வேண்டும், ஆயிரக்கணக்கில் செலவு, அதை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

மாநிலத்தின் நீச்சல் குளப் பதிவேட்டில் முகவரியைப் போட்டு யாரும் தேடிப் பார்க்கலாம். குளங்களைப் பதிவு செய்வது 2013-லிருந்து கட்டாயம். கொல்லைப்புறத்தில் குளம் கண்ணெதிரே இருக்கிறது, பதிவேட்டில் இல்லை என்றால், அடுத்த கேள்வி அது கவுன்சில் அனுமதியோடு கட்டியதுதானா என்பது. ஒப்பந்தத்தோடு கழிவுநீர்க் குழாயின் வரைபடம் ஒன்று வரும், அதை எடுத்துக் குளம் இருக்கும் இடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குழாய் குளத்துக்கு அடியிலோ ஒட்டியோ போகிறதென்றால் கேட்க வேண்டிய கேள்வி இன்னும் பெரிது.

கேட் பார்க்க நன்றாக இருக்கிறது, ஆனால் மூடும்போது ஏதோ இடிக்கிறது

பரிசோதனையில் தோற்பதற்கு ஆகச் சாதாரணமான காரணம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

கேட்டை முழுசாகத் திறந்து விட்டால் வேகத்திலேயே வந்து பட்டென்று மூடிக்கொள்ளும், எல்லோரும் அதைப் பார்த்துத் திருப்தியாகி விடுவார்கள். நீங்கள் இரண்டு விரல் அகலம் மட்டும் திறந்து விடுங்கள். பிறகு தாழ்ப்பாள் நுனியில் லேசாக உட்கார வைத்து விடுங்கள். எந்த இடத்தில் விட்டாலும், கை படாமல், தானே போய் மூடித் தானே தாழ் விழ வேண்டும், விதி அப்படித்தான். பாதிக் கேட்டுகள் தாழ்ப்பாள் மேல் சாய்ந்தபடி நின்றுவிடும். குழந்தை இழுத்தால் திறக்கிற நிலை அதுதான்.

அப்படி நின்றால் முதலில் கீலைப் பாருங்கள். ஸ்பிரிங் கீல்களில் இழுவையைக் கூட்ட மேலே ஒரு திருகு இருக்கும், ஸ்க்ரூடிரைவரால் ஒன்றிரண்டு சுற்று முறுக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். முறுக்கியும் சரியாகவில்லையென்றால் கேட் தொங்கிப்போயிருக்கிறது, அல்லது தூண் சாய்ந்திருக்கிறது. மேற்கு சிட்னியின் களிமண் மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும், தூண் அதோடு சேர்ந்து ஆடும். போன வருஷம் தேறிய கேட் இந்த வருஷம் தோற்பது இப்படித்தான். தூண் சாய்ந்திருந்தால் தாழ்ப்பாளை ஏற்றி இறக்கி ஒப்பேற்ற வேண்டாம், காங்கிரீட்டை உடைத்துத் தூணை நட்டால்தான் நிற்கும்.

திறக்கும் திசையையும் கவனியுங்கள். கேட் குளத்தை விட்டு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும், உள்பக்கம் திறந்தால் தோல்வி. தாழ்ப்பாளைத் திறக்கும் பிடி தரையிலிருந்து 1500 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டும், அதற்குக் கீழே என்றால் உள்பக்கம் மறைவாக, சின்னக் கை எட்டாதபடி மூடி வைத்திருக்க வேண்டும்.

அப்புறம் ஒன்று. கேட்டுக்கு அருகே செங்கலோ, கயிறோ, பழைய பூந்தொட்டியோ கிடந்தால் அந்த வீட்டில் கேட்டை முட்டுக் கொடுத்துத் திறந்து வைக்கிற பழக்கம் உண்டு என்று அர்த்தம். ஊரிலிருந்து அம்மா அப்பா வந்தால் நம் வீடுகளிலும் இது நடக்கும், துணி காயப் போடப் போகிற வழியில் கேட் ஒரு தொந்தரவு. இந்த நாட்டில் குளத்தில் மூழ்கும் பிள்ளைகளில் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள்தான் அதிகம் என்பதால் கவுன்சில் இதில் கொஞ்சமும் விட்டுக் கொடுக்காது.

வேலி உயரமாக, உறுதியாக இருக்கிறது, ஆனாலும் இன்ஸ்பெக்டர் தேறவில்லை என்கிறார்

வேலியை விட்டுவிட்டு வேலிக்குப் பக்கத்தில் இருப்பதைப் பாருங்கள். வேலி 1200 மி.மீ. உயரம், கம்பிகளுக்கு இடையே 100 மி.மீ.க்கு மேல் இடைவெளி இல்லை, அடியிலும் 100 மி.மீ.க்கு மேல் சந்து இல்லை, இதெல்லாம் இருந்தும் வெளிப்பக்கம் 900 மி.மீ. தூரத்துக்குள் பிள்ளை ஏறி நிற்கும்படி எதுவும் இருக்கக் கூடாது. தண்ணீர்க் குழாய்ச் சுருள், பார்பிக்யூ அடுப்பு, ஏ.சி.யின் வெளிப்பெட்டி, கறிவேப்பிலைத் தொட்டி எல்லாம் இந்தக் கணக்கில் வரும். தொட்டியை நகர்த்தினால் முடிந்தது. ஏ.சி. பெட்டியென்றால் ஆளைக் கூப்பிட வேண்டும், அல்லது வேலியைத் தள்ளிப் போட வேண்டும்.

எல்லை வேலியே குளத்துக்கும் வேலியாக இருந்தால் குளத்துப் பக்கமிருந்து அளந்து 1800 மி.மீ. வேண்டும், மேலிருந்து 900 மி.மீ. வரை உள்பக்கம் கால் வைக்க எதுவும் இருக்கக் கூடாது. இங்கே ஒரு ஏமாற்று உண்டு. வேலி கட்டும்போது 1800 சரியாகத்தான் இருந்திருக்கும், பிறகு யாரோ அழகுக்கு வேலியோரமாக மண் கொட்டிப் பாத்தி கட்டியிருப்பார்கள், அல்லது மரத்தளம் போட்டிருப்பார்கள். தரை 30 செ.மீ. ஏறினால் வேலி 30 செ.மீ. குறைந்துவிட்டது. அளக்கும் டேப்பைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள், ஏஜென்ட் ஒரு மாதிரிப் பார்ப்பார், பார்க்கட்டும்.

சி.பி.ஆர். பலகை, அதாவது மூழ்கியவருக்கு மூச்சும் இதயமும் இயங்க வைக்கும் முதலுதவியைச் சொல்லும் பலகை, வெயிலில் வெளுத்து எழுத்தே தெரியாமல் இருந்தாலும் தோல்விதான், 3 மீட்டர் தூரத்திலிருந்து படிக்க முடிய வேண்டும். குளம் சம்பந்தப்பட்ட கடையில் கொஞ்சக் காசுக்குப் புதுசு கிடைக்கும். இதற்காக மட்டும் ஒரு வீடு தேறாமல் போனால் விற்பவருக்கு இரண்டாம் முறைப் பரிசோதனைக் கட்டணம் வீண். 2018 விதிகளில் கவுன்சில் முதல் முறைக்கு 150 டாலர், மறுமுறைக்கு 100 டாலர் வரைதான் வாங்கலாம் என்று வரம்பு உண்டு. தனியார் சான்றாளருக்கு அந்த வரம்பு கிடையாது, ஆனால் சீக்கிரம் வருவார்.

வீட்டின் பின்கதவைத் திறந்தால் நேரே குளம்

1990 ஆகஸ்ட் 1-க்கு முன் கட்டிய குளமாக இருந்தால் இது சட்டப்படி சரியாக இருக்க வாய்ப்பு உண்டு. அந்தக் காலத்துக் குளங்களுக்கு வீட்டுக்கும் குளத்துக்கும் நடுவே வேலி இல்லாமல், கதவு ஜன்னல்கள் மட்டும் பிள்ளைகள் திறக்க முடியாதபடி இருந்தால் போதும் என்று சலுகை உண்டு. ஆனால் அந்தச் சலுகை கண்ணாடிப் பாத்திரம், குளத்தையோ தடுப்பையோ பெரிதாக மாற்றிக் கட்டினால் போய்விடும், பிறகு இன்றைய விதிப்படி தனி வேலி. கதவில் நாய்க்கு ஓட்டை வெட்டியிருந்தாலும் போச்சு.

கேஸில் ஹில், பால்க்கம் ஹில்ஸ் பக்கம் பழைய வீடு வாங்கிப் பின்பக்கத்தை இடித்து அல்ஃப்ரெஸ்கோ (கூரை போட்ட திறந்தவெளி முற்றம்) கட்டலாம் என்று கனவு காண்பவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், சட்டம் விட்டாலும் வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் வேலி போடாமல் குடிபோக வேண்டாம்.

குளத்தில் குழாய் ஓடிக்கொண்டிருக்கிறது, அல்லது தண்ணீர் மட்டம் தாழ்ந்திருக்கிறது

தண்ணீர் ஸ்கிம்மர் (மேலே மிதக்கும் இலை தூசியை இழுக்கிற சுவர்த் திறப்பு) வாயின் பாதி உயரத்தில் நிற்க வேண்டும். தாழ்ந்திருந்தால் "வெயில், ஆவியாகிடுது" என்பார்கள். ஆவியாவதும் உண்மைதான், ஒழுகுவதும் உண்மையாக இருக்கலாம், இரண்டையும் பிரிக்க வாளி போதும்.

விற்பவர் சம்மதித்தால் ஒரு வாளியில் குளத்துத் தண்ணீரை ஊற்றி, குளத்தின் படிக்கட்டில் வையுங்கள், வாளிக்கு உள்ளேயும் வெளியேயும் நீர்மட்டம் ஒன்றாக இருக்கும்படி. இரண்டு மட்டத்தையும் டேப் ஒட்டிக் குறித்துவிட்டு 24 மணி நேரம் விடுங்கள், யாரும் குளிக்கக் கூடாது, மழை பெய்தால் மறுபடி முதலிலிருந்து. இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் வெயில். குளம் அதிகமாக இறங்கியிருந்தால் ஒழுக்கு. பம்ப் ஓடும்போது ஒரு நாள், நிறுத்திவிட்டு ஒரு நாள் செய்தால் இன்னும் தெளிவு: ஓடும்போது மட்டும் அதிகம் குறைந்தால் பம்புக்கு அடுத்த குழாயில் சந்தேகம், நின்றிருக்கும்போதும் அதே அளவு குறைந்தால் தொட்டியிலோ ஸ்கிம்மர் சேரும் இடத்திலோ சந்தேகம்.

சின்ன அளவுதானே என்று நினைக்க வேண்டாம். 8 மீட்டருக்கு 4 மீட்டர் குளத்தில் ஒரு செ.மீ. என்றால் 320 லிட்டர். தினமும் ஒரு செ.மீ. போனால் மாதம் பத்தாயிரம் லிட்டருக்கு அருகில், அதோடு உப்பும் மருந்தும் சேர்ந்து மண்ணுக்குள் போகிறது, களிமண் நனைந்து நடைபாதை ஏறி இறங்குகிறது.

தண்ணீரைத் தானே நிரப்பும் மிதவை வால்வு இருக்கிறதா என்று கேளுங்கள். அது இருந்தால் மட்டம் எப்போதும் சரியாகவே தெரியும், ஒழுக்கு முழுசாக மறைந்துவிடும். வால்வை மூடச் சொல்லிவிட்டுத்தான் வாளி வைக்க வேண்டும். ஸ்கிம்மர் ஓரத்தில் சந்தேகம் என்றால் பம்பை நிறுத்தி, தண்ணீர் அசையாமல் நின்ற பிறகு, சாப்பாட்டுக்குப் போடும் கலர் இரண்டு சொட்டு அந்த விளிம்பருகே மெல்ல விடுங்கள். விரிசல் இருந்தால் அந்தக் கலர் நூல் மாதிரி நீண்டு உள்ளே போவது கண்ணுக்குத் தெரியும். குழாய் ஒழுக்கை இப்படிப் பிடிக்க முடியாது, அழுத்தம் கொடுத்துப் பார்க்கும் ஆளைக் கூப்பிட வேண்டும்.

தண்ணீர் பச்சை, பால் நிறம், அல்லது நம்ப முடியாத நீலம்

பச்சைத் தண்ணீருக்கு நான் அவ்வளவாகப் பயப்பட மாட்டேன். கவனிப்பில்லாமல் கிடந்த குளம், ஒரு வாரம் மருந்தும் பம்பும் ஓடினால் தெளியும். பயம் எதற்கு என்றால், அடியே தெரியாத தண்ணீருக்குக் கீழே விரிசல் இருக்கிறதா என்று பார்க்க முடியாது. தெளிய வைத்த பிறகு வந்து பார்க்கிறேன் என்று சொல்லுங்கள், அல்லது தெரியாத பகுதிக்கும் சேர்த்து விலையைக் குறையுங்கள்.

பால் நிறமென்றால் ஃபில்டர் சரியாக வேலை செய்யவில்லை, அல்லது தண்ணீரின் அமில-கார அளவான பி.எச். ஏறிக்கிடக்கிறது. க்ளோரின் வாசனை மூக்கைத் துளைத்தால் க்ளோரின் அதிகம் என்று நினைப்போம், பெரும்பாலும் நேர் எதிர்: அழுக்கோடு சேர்ந்து செத்துப்போன க்ளோரினின் வாசனை அது, புது க்ளோரின் போதவில்லை.

நம்ப முடியாத நீலம்தான் கவனிக்க வேண்டியது. வீட்டைக் காட்டும் நாளுக்கு முந்தின நாள் மருந்தை அள்ளிக் கொட்டிப் பளபளப்பாக்கி வைப்பது ஒன்றும் குற்றமில்லை, நாமும் விற்றால் செய்வோம். ஆனால் பாசி ஓடி ஒளியும் இடங்கள் இருக்கின்றன. ஏணிப் படியின் அடிப்பக்கத்தை விரலால் தடவுங்கள், வழுக்கினால் பாசி சமீபம் வரை இருந்திருக்கிறது. ஸ்கிம்மர் மூடியைத் தூக்கி உள்சுவரைப் பாருங்கள். விளக்கின் வளையத்தைச் சுற்றியும் பாருங்கள். கூழாங்கல் பூச்சில் கரும்புள்ளிகள் இருந்து, பிரஷால் தேய்த்தும் போகவில்லையென்றால் அது கரும்பாசி, பூச்சுக்குள் பிடித்து நிற்கும், விரட்டுவது மாதக்கணக்கில் வேலை.

கையில் ஒரு சுத்தமான பாட்டில் இருக்கட்டும். முழங்கை ஆழத்திலிருந்து தண்ணீர் பிடித்துக் குளம் சம்பந்தப்பட்ட கடையில் கொடுத்தால் பல கடைகளில் சும்மாவே பரிசோதித்துத் தாள் தருவார்கள். பி.எச். 7.2-லிருந்து 7.6-க்குள், க்ளோரின் 1-லிருந்து 3 பி.பி.எம்., காரத்தன்மை 80-லிருந்து 120. இவை தவறியிருந்தால் மருந்து போட்டால் சரி. வெயிலில் க்ளோரின் அழியாமல் காக்கும் சயனூரிக் அமிலம் 30-50 இருக்க வேண்டியது 100-ஐத் தாண்டியிருந்தால் மருந்தால் குறைக்க முடியாது, பாதித் தண்ணீரை மாற்ற வேண்டும், அந்தத் தாளை வைத்தே பேசலாம். கடைக்காரர் நாலு டப்பா விற்கப் பார்ப்பார், வீடே உங்களுடையதாகவில்லை என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

சுவரில் கோடு, ஓரக்கல் பெயர்ந்திருக்கிறது, கறை

முதலில் தண்ணீரையே ரசமட்டமாகப் பயன்படுத்துங்கள். தண்ணீர் எப்போதும் மட்டமாகத்தான் நிற்கும், சுற்றியுள்ள டைல் வரிசைதான் சாயும். ஒரு முனையில் டைல் நான்கு விரல் தெரிகிறது, எதிர் முனையில் இரண்டு விரல்தான் தெரிகிறது என்றால் குளம் ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது, அல்லது கட்டும்போதே சாய்வாகக் கட்டியிருக்கிறார்கள். டைலில் விரிசலும் சேர்ந்திருந்தால் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம், பொறியாளர் பார்க்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

விரிசல் எல்லாம் ஒன்றில்லை. பூச்சு மேல் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கோடுகள் தோற்றத்துக்குத்தான் கெடுதல். ஓரக்கல்லில் ஆரம்பித்து டைலை வெட்டிக்கொண்டு சுவரில் இறங்கும் ஒற்றைக் கோடு, நகத்தை வைத்து இழுத்தால் நகம் மாட்டுகிறது என்றால், அது தொட்டியின் விரிசல். ஓரக்கல்லுக்கும் நடைபாதைக்கும் நடுவே ரப்பர் மாதிரி ஒரு நிரப்பல் இருக்க வேண்டும், அதைக் காங்கிரீட்டால் அடைத்திருந்தால் நடைபாதை குளத்தைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. தண்ணீருக்கு மேலே உள்ள டைலை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே நடந்து பாருங்கள், பொத்தென்று சத்தம் வந்தால் பிடிப்பு விட்டுவிட்டது.

பழுப்புக் கறைக்கு ஒரு வைட்டமின் சி மாத்திரை. கறை மேல் வைத்துக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் கறை வெளுக்கும், வெளுத்தால் இரும்பு. எங்கும் பரவலாக இருந்தால் தண்ணீரில் வந்த இரும்பு, மருந்துக்குப் போகும். ஒரே புள்ளியிலிருந்து கண்ணீர் மாதிரி வழிந்திருந்தால் உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது, மேலே என்ன பூசினாலும் திரும்பி வரும். காங்கிரீட் குளத்துக்கு முழுப் பூச்சு மாற்றுவது பெரும்பாலும் ஐந்திலக்கத் தொகை என்பதை நினைவில் வையுங்கள்.

ஃபைபர் கிளாஸ் குளமென்றால் கொப்புளமும் சுவர் வயிறு தள்ளியிருப்பதும்தான் அறிகுறி. வினைல் விரிப்பு என்றால் சுருக்கமும் மூலையில் இழுபட்டிருப்பதும், அதன் ஆயுளே சுமார் பத்து வருஷம்தான்.

பம்ப் சத்தம் போடுகிறது, குமிழி வருகிறது, ஃபில்டர் முள் அசையவில்லை

நின்றிருக்கும் பம்பை உங்கள் கண் முன்னால் போடச் சொல்லுங்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் ஒருமுறை நிறுத்திப் போடச் சொல்லுங்கள். உம்மென்று முனகிவிட்டுச் சுற்றாமல் நின்றால் பெரும்பாலும் கப்பாசிட்டர், சின்னச் செலவு. கீச்சென்று கிறீச்சிட்டால் பேரிங், பழைய மோட்டாரென்றால் புதுப் பம்ப் வாங்குவதே புத்திசாலித்தனம். கூழாங்கல்லை அரைப்பது போல் சத்தம் வந்தால் பம்புக்குத் தண்ணீர் வந்து சேரவில்லை: ஸ்கிம்மர் கூடையில் இலை அடைத்திருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் இழுவைக் குழாயில் அடைப்பு.

குளத்துக்குள் தண்ணீர் திரும்பி வரும் வாயில் விடாமல் குமிழி வந்தால் பம்புக்கு முன்னால் எங்கோ காற்று உறிஞ்சுகிறது. நீர்மட்டம் தாழ்ந்திருக்கிறதா, பம்ப் மூடியின் ரப்பர் வளையம் காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள், பாதி நேரம் அதுதான். அந்த வாயில் மணல் வந்தால் மணல் ஃபில்டருக்குள் விரல் போன்ற குழாய் உடைந்திருக்கிறது, மணலை எல்லாம் அள்ளி எடுத்துத்தான் மாற்ற முடியும்.

ஃபில்டரில் உள்ள அழுத்த மானி பம்ப் நின்றிருக்கும்போது பூஜ்யத்துக்கு வர வேண்டும். ஓடினாலும் நின்றாலும் ஒரே இடத்தில் முள் நின்றால் மானி செத்துவிட்டது, அதாவது இத்தனை காலமாக யாரும் அதைப் பார்த்துப் பேக்வாஷ் (தண்ணீரைத் திருப்பி விட்டு ஃபில்டரைக் கழுவுவது) செய்யவில்லை. பேக்வாஷ் குழாய் எங்கே போகிறது என்றும் பாருங்கள். இங்கே அந்தத் தண்ணீர் கழிவுநீர்க் குழாய்க்குத்தான் போக வேண்டும், மழைநீர் வடிகாலுக்கோ பக்கத்து வீட்டுப் புல்தரைக்கோ போகக் கூடாது.

உப்பிலிருந்து க்ளோரின் தயாரிக்கும் உப்பு க்ளோரினேட்டரில் "உப்பு குறைவு" என்று விளக்கு எரிகிறது, ஆனால் கடைத் தாளில் உப்பு சரியாக இருக்கிறது என்றால் பெரும்பாலும் உள்ளிருக்கும் தகடு தேய்ந்துவிட்டது. தகட்டின் ஆயுள் ஐந்து வருஷம் போலத்தான், மாற்ற நூற்றுக்கணக்கில் ஆகும், சில மாடல்களுக்கு ஆயிரத்தைத் தாண்டும். பெட்டியின் பக்கவாட்டில் தயாரித்த வருஷம் ஒட்டியிருக்கும், ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

போட்டதும் சேஃப்டி ஸ்விட்ச் விழுகிறது

பம்பைப் போட்டாலும் விளக்கைப் போட்டாலும், மின்கசிவு வந்தால் மின்சாரத்தை வெட்டும் இந்த ஸ்விட்ச் விழுந்தால் பெரும்பாலும் தண்ணீர் மோட்டாருக்குள்ளோ விளக்குக்குள்ளோ போயிருக்கிறது. விளக்கின் கண்ணாடிக்குப் பின்னால் பாதி தண்ணீர் நிற்பது வெளியிலிருந்தே தெரியும். இதில் நீங்கள் எதையும் கழற்ற வேண்டாம், உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் பார்க்கட்டும், குளத்தில் கால் வைக்கவும் வேண்டாம்.

குளம் காலியாக இருக்கிறது

"சுத்தம் பண்ணத்தான் காலி பண்ணினோம்" என்றால் நம்ப முடியாது. ஒழுகுகிற குளம் தானே காலியாகும். அதோடு, நிலத்தடி நீர் ஏறும் மழைக்காலத்தில் காலிக் குளம் மண்ணிலிருந்து மேலே கிளம்பிவிடும், ஃபைபர் கிளாஸ் குளத்துக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். அதற்காகத்தான் அடியில் அழுத்தத்தை விடுவிக்கும் வால்வு வைக்கிறார்கள், அது வேலை செய்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. காலியாக இருப்பதால் வேலி தேவையில்லை என்பதும் பொய். 300 மி.மீ.க்கு மேல் தண்ணீர் நிற்கக் கூடிய எதற்கும் விதி பொருந்தும், கடையில் வாங்கி ஊதும் பிளாஸ்டிக் குளத்துக்குக் கூட.

"பம்பைப் போட்டுக் காட்ட முடியாது" என்கிறார்கள்

சனிக்கிழமை கூட்டத்தில் ஏஜென்டுக்கு நேரமில்லாமல் இருக்கலாம், அது நியாயம். வார நாளில் தனியாக நேரம் கேளுங்கள். அதற்கும் மறுத்தால் கருவி ஓடவில்லை என்று வைத்துக்கொண்டே விலை சொல்லுங்கள்.

ஏலத்தில் வாங்குவதாக இருந்தால் எல்லாப் பரிசோதனையையும் ஏலத்துக்கு முன்பே முடித்தாக வேண்டும், ஏலத்தில் பின்வாங்கும் அவகாசம் கிடையாது. பேசி வாங்கினால் 5 வேலை நாள் உண்டு, அதற்குள் பின்வாங்கினால் விலையில் 0.25 சதவீதம் போகும், 15 லட்சம் டாலர் வீட்டுக்கு 3,750 டாலர். விரிசல் விழுந்த குளத்தைப் பார்க்கும்போது அது மலிவு. ஆனால் இந்த அவகாசத்தை விட்டுக்கொடுக்கும் 66டபிள்யூ சான்றிதழில் கையெழுத்து வாங்கியிருந்தால் அந்த 5 நாளும் இல்லை, அவசரப்படுத்தும் விற்பனைகளில் இதைக் கேட்பார்கள்.

செட்டில்மென்ட் நாளன்று குளக் கருவிகள் ஓடும் நிலையில் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள், கன்வேயன்ஸருக்கு அது சின்ன வேலை. செட்டில்மென்டுக்கு முந்தின கடைசிப் பார்வையின்போது பம்பை நீங்களே போட்டுப் பாருங்கள். விற்பவர் வீட்டைக் காலி செய்யும்போது மின்சாரத்தையும் துண்டித்துவிட்டால் பம்ப் நின்று, கோடையில் ஒரே வாரத்தில் தண்ணீர் பச்சையாகிவிடும். அதனால் மின் இணைப்பை உங்கள் பெயருக்கு மாற்றும் தேதியை அவர் விடும் தேதியோடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் ஒரு நாள் கூட இடைவெளி விழ வேண்டாம்.